ஜெயிலுக்குப் போனவரோட மாத்திரை

புருஷன் செத்தவளுக்கு மாத்திரை உண்டு, புருஷன் ஜெயிலுக்குப் போனவளுக்குக் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. அதைக் கேட்டதும் பெரட்டுக் களத்துல நான் போட்ட சத்தத்தை இப்ப நினைச்சாலும் எனக்கே கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு. எனக்கு வாய் நீளம்னு தோட்டமே சொல்லும். சொல்லட்டும். அன்னிக்கு அந்த வாயை விட்டா எனக்கு வேற என்ன இருந்துச்சு?

மாத்திரைன்னா என்னன்னு முதல்ல சொல்லிடறேன். இல்லைன்னா தலையும் புரியாது, வாலும் புரியாது.

நாங்க இருந்தது மலாயாவுல, கூலாய்க்கு உள்ள தள்ளி ஒரு ரப்பர் தோட்டம். ரப்பர் விலை விழுந்து, பாதிப் பேரைக் கப்பலேத்தி ஊருக்கு அனுப்பிட்டு, மறுபடி கொஞ்சம் நிமிர்ந்த சமயம். வரிசையா ஒட்டிக் கட்டின எங்க லயத்துல எழுபத்தோரு வாசல். காலையில ஆள் எடுக்கிற பெரட்டுக் களத்துக்கும் லயத்துக்கும் நடுவுல ஒரே ஒரு பாதை. அந்தப் பாதை ஓரத்துலதான் கள்ளுக்கடை. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வரணும்னா அதைத் தாண்டித்தான் வரணும். அங்க கடை போட இடம் பார்த்தவன் பெரிய கெட்டிக்காரன்தான். கடையை நடத்தினது எங்க கங்காணியோட மச்சான்.

எங்க வீட்டுக்காரரு அந்தக் கடையைத் தாண்டி வந்துட்டாருன்னா மனுஷன். மகளை மடியில உட்கார வச்சுப் பேன் பார்ப்பாரு. எனக்கு முடியலைன்னா என் நிரையிலயும் பத்து மரம் சேர்த்து வெட்டிக் கொடுப்பாரு. உள்ள போயிட்டு வந்தாருன்னா அது வேற ஆளு. எனக்கு இடது காது கேக்காது. பொறந்ததுல இருந்து இல்ல, ஒரு தீபாவளிக்கு மறுநாள்ல இருந்து. அதுக்கு மேல அதைப் பத்தி நான் பேசப் போறதில்ல.

ஒரு நாள் சாயங்காலம் நல்ல போதையில, ரப்பர் பால் வாளி தூக்குற காண்டாக் கம்பால கங்காணியோட வலது கையை அடிச்சு உடைச்சிட்டாரு. என்ன சண்டைன்னு கேட்டா அவருக்கே ஞாபகம் இல்ல. போலீஸ் வந்து ஜொகூர் பாருவுக்குக் கொண்டு போச்சு. ஆறு மாசம்னு தீர்ப்பாச்சு. கோர்ட்டுல அவரு அழுதாரு. கங்காணி கையில கட்டோட நின்னாரு. நான் யாரு முகத்தைப் பார்க்கிறதுன்னு தெரியாம தரையைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

அந்தக் கேஸுக்கு அப்புறம் லயத்துப் பொம்பளைங்க ஒண்ணு சேர்ந்து துரை பங்களாவுக்குப் போனோம். கள்ளுக்கடையை மூடுங்கன்னு கேட்டோம். நான்தான் முன்னால நின்னேன். போலீஸ் தோட்டத்துக்குள்ள வந்து போனது துரைக்கும் பிடிக்கல. "உங்க லயத்து ஆளுங்களே முடிவு பண்ணிக்குங்க. மூடணும்ங்கிறவங்க அதிகமா இருந்தா மூடிடறேன். சரிபாதியா வந்தா கடை இருக்கும்"னு சொல்லிட்டு, நடத்துற பொறுப்பை டிரஸ்ஸர் ஐயாகிட்ட விட்டுட்டாரு. டிரஸ்ஸர்னா தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து கட்டுறவரு. சிரிக்கவே தெரியாத மனுஷன், ஆனா யாரு பக்கமும் சாய மாட்டாரு.

ஓட்டுங்கிற வார்த்தையை அவரு வாயிலதான் முதல் தடவை கேட்டேன். வாசலுக்கு ஒரு ஓட்டு. காகிதத்துல எழுதிப் போடலாம்னா பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. கல்லு, புளியமுத்துன்னு வச்சா மடியில பத்தைக் கட்டிக்கிட்டு வந்து கொட்டிட்டுப் போயிடுவான். யோசிச்சு யோசிச்சுக் கடைசியில கொயினா மாத்திரையை எடுத்தாரு. மலைக் காய்ச்சல் வராம இருக்கக் காலையில பெரட்டுல நிறுத்தி வச்சு, அவரே ஆளுக்கு ஒண்ணு கொடுத்து முழுங்க வச்சு, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பாரே, அதே மாத்திரை. அவரு அலமாரியைத் தவிர வேற எங்கயும் கிடைக்காது. கிடைச்சாலும் அந்தக் கசப்பை எவன் வீட்டுல சேர்த்து வச்சிருப்பான்? பிள்ளைங்களை விடற ஆயாக் கொட்டகையில ரெண்டு மண்ணெண்ணெய் டின்னை வச்சு, மேல ஓட்டை போட்டாரு. சுண்ணாம்பு பூசின டின்னுல போட்டா கடையை மூடணும். கரி பூசின டின்னுல போட்டா கடை இருக்கணும். எதுல விழுதுன்னு சத்தம் காட்டிக் கொடுத்துடக் கூடாதுன்னு ரெண்டுக்கும் அடியில பஞ்சு. முன்னால ஒரு சாக்குத் திரை.

வீட்டுக்கு மூத்தவரு போடணும், அவரு செத்துப் போயிருந்தா பொண்டாட்டி போடலாம்னு பெரட்டுக் களத்துல நின்னு சொன்னாரு. அப்புறம் வாசல் வாசலா பேரை வாசிச்சுக்கிட்டு வந்தாரு. எங்க வாசல் வந்ததும் நிறுத்திட்டாரு.

"அந்த வாசலுக்குக் கிடையாதுங்க"ன்னாரு கங்காணி.

"ஏன் கிடையாது?"ன்னு நான் முன்னால வந்தேன்.

"உன் புருஷன்தான் ஜெயில்ல இருக்கானே."

"ஜெயில்லதானே இருக்காரு, சுடுகாட்டுலயா இருக்காரு? அவரு செத்திருந்தா எனக்கு ஒரு மாத்திரை. உசுரோட இருக்கிறதால கிடையாதா? அப்ப நான் என்னதான் பண்ணணும்? போயி அவரு கழுத்தை நெரிச்சிட்டு வந்து நிக்கவா?"

களமே சிரிச்சுது. கங்காணி சிரிக்கல, கோபப்படவும் இல்ல. கழுத்துல தொங்கின கட்டுல இருந்து கையை மெல்ல வெளிய எடுத்து எல்லாருக்கும் காட்டினாரு. எலும்பு கோணலா கூடியிருந்துச்சு. விரலை மடக்கப் பார்த்தாரு, மடங்கல.

"நாலு மாசமா இடது கையால சோறு திங்கறேன்"னாரு. "என் பிள்ளைங்க முன்னால. இதைப் பண்ணவனுக்கும் ஒரு ஓட்டு, எனக்கும் ஒரு ஓட்டா? நீங்களே சொல்லுங்க, இது நியாயமா?"

சிரிச்ச வாயெல்லாம் மூடிக்கிச்சு. எனக்கும் சுருக்குன்னு இருந்துச்சு. அந்த மனுஷன் சொன்னதுல நியாயம் இல்லைன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்? ஆனா பின்வாங்கினா கதை முடிஞ்சுது.

"உங்க கைக்கு நான் மாரியாத்தா கோயில்ல விழுந்து அழுதிருக்கேன், அது ஆத்தாளுக்குத் தெரியும்"னேன். "அந்தக் கைக்குத்தான் ஆறு மாசம் கொடுத்தாச்சே. கோர்ட்டு கொடுத்த தண்டனை போதாதுன்னு நீங்க வேற ஒண்ணு சேர்க்கிறீங்களா? அவரு வெளிய வந்து இந்தப் பாதையிலதானே நடக்கப் போறாரு? இந்தக் கடை இருக்கா இல்லையாங்கிறது அவரை விட யாருக்குங்க பெருசு?"

பேச்சு நல்ல பேச்சுதான். இப்பவும் சொல்றேன், அதுல ஒரு வார்த்தை தப்பில்ல. ஆனா உள்ளுக்குள்ள என்ன இருந்துச்சுன்னும் சொல்லிடணும். முந்தின நாளே தண்ணிக் குழாயடியில நாங்க பொம்பளைங்க விரல் விட்டு எண்ணிட்டோம். எந்த வீட்டு ஆம்பளை எந்தப் பக்கம்னு எங்களுக்குத் தெரியாததா? மூடறதுக்கு முப்பத்தஞ்சு, வேணும்ங்கிறதுக்கு முப்பத்தஞ்சு. எங்க வாசல் மாத்திரை இல்லைன்னா சரிபாதி. சரிபாதின்னா கடை இருக்கும். ஜெயில்ல இருக்கிறவருக்கு நியாயம் கேட்டு நான் தொண்டை கிழியக் கத்தினேனே, அவருக்காகவா கத்தினேன்? அந்த ஒரு மாத்திரைக்காகக் கத்தினேன்.

கங்காணி எண்ணாம இருப்பாரா? அவரும் எண்ணியிருந்தாரு. களத்துல பாதிப் பேரு என் பேச்சுக்குத் தலையாட்டினதையும், டிரஸ்ஸர் யோசிக்கிறதையும் பார்த்துட்டு, "சரி, கொடுங்க"ன்னாரு. எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. "ஆனா அது இவளோட ஓட்டு இல்ல, அவனோட ஓட்டு. ஜெயிலுக்குப் போயி அவனைக் கேட்டுட்டு வரட்டும். அவன் எந்த டின்னுன்னு சொல்றானோ அந்த டின்னுலதான் போடணும். மாரியாத்தா முன்னால கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணிட்டுப் போகட்டும்."

எல்லாரும் என்னையே பார்த்தாங்க. தோட்டத்துலயே பெரிய குடிகாரன்கிட்ட போயி, கள்ளுக்கடையை மூடலாமான்னு கேட்கச் சொல்றாரு. தெரியாம இல்ல, பொறின்னு தெரிஞ்சுதான் இருந்துச்சு. ஆனா கோர்ட்டுல அழுத முகம் எனக்குக் கண்ணுல இருந்துச்சு. இவ்வளவு பட்டவரு வேற என்ன சொல்லிடப் போறாருன்னு ஒரு தைரியம். கூடவே இந்தப் பாழாப்போன ரோஷம்.

"பண்றேன்"னேன்.

கோயில் வாசல்ல கற்பூரம் எரிஞ்சுது. உள்ளங்கையால அடிச்சு அணைச்சேன். அவரு சொல்ற டின்னுலதான் போடுவேன், போடறதுக்கு முன்னாலயும் பின்னாலயும் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம். என்னை யாரும் கேட்கவும் கூடாதுன்னு டிரஸ்ஸர் சேர்த்துச் சொன்னாரு.

மகளைப் பக்கத்து வீட்டக்காகிட்ட விட்டுட்டு, டிரஸ்ஸர் எழுதிக் கொடுத்த கடிதாசியோட கூலாய்ல ரயிலேறினேன். ஜெயில் வாசல்ல வெயில்ல ரொம்ப நேரம் நிக்க வச்சாங்க. அப்புறம் உள்ள விட்டாங்க. நடுவுல கம்பி வலை. அந்தப் பக்கம் அவரு வந்து நின்னாரு. தலை மொட்டை. தேங்கா நாரு திரிச்சுத் திரிச்சு விரலெல்லாம் வெடிச்சிருந்துச்சு. பக்கத்துல காவலுக்கு ஒரு மலாய்க்கார ஜாகா, "செப்பாட், செப்பாட்"னு அவசரப்படுத்திக்கிட்டே நின்னாரு.

"பாப்பா சாப்பிடறாளா?"ன்னுதான் முதல்ல கேட்டாரு.

சாப்பிடறான்னேன். மூச்சு விடாம எல்லாத்தையும் சொன்னேன். துரை சொன்னது, ரெண்டு டின்னு, மாத்திரை, கங்காணி கேட்டது, நான் பண்ணின சத்தியம். அவரு வாயைத் திறந்து கேட்டுக்கிட்டே இருந்தாரு.

"என்னையுமா கேட்கச் சொன்னாங்க?"

"ஆமாங்க."

"கங்காணியும் ஒத்துக்கிட்டாரா?"

"அவருதான் கேட்டுட்டு வான்னாரு."

வலையைப் பிடிச்சுக்கிட்டாரு. கண்ணு கலங்கிருச்சு. "நாலு மாசமாச்சு புள்ள. எந்திரின்னா எந்திரிக்கிறேன், உட்காருன்னா உட்கார்றேன். சோறு வேணுமா கஞ்சி வேணுமான்னு கூட ஒருத்தன் கேட்டது கிடையாது. ஊரு என்னைக் கேட்குதா?"

எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. ஜெயிச்சாச்சுன்னே நினைச்சேன். "அப்ப சுண்ணாம்பு டின்னுதானே? போட்டுடறேன்"னேன்.

தலையைக் குனிஞ்சு யோசிச்சாரு. ஜாகா மறுபடி அவசரப்படுத்தினாரு.

"வேணாம்"னாரு. "கடை இருக்கட்டும்."

எனக்கு ரத்தம் தலைக்கேறிச்சு. "என்னங்க சொல்றீங்க? உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா? இத்தனை பட்டும் நாக்கு கேட்குதா? என் காதைப் பாருங்க!"

"அதைத்தான் பார்த்துக்கிட்டு நிக்கிறேன். வந்ததுல இருந்து வலது காதை என் பக்கம் திருப்பிக்கிட்டுத்தானே நிக்கிற." வெடிச்ச விரலால வலையைத் தடவினாரு. "நாலு மாசமா ஒரு சொட்டு தொடல. அது என் சாமர்த்தியமா? இங்க கள்ளு இல்ல, குடிக்கல. வெளிய வந்து அங்கயும் கடை இல்லைன்னா அதுவும் இதே கதைதான். அதுக்கு இங்கயே இருந்துடலாமே. கடை தொறந்திருக்கணும். நான் அதைத் தாண்டி வீட்டுக்கு வரணும். நீ வாசல்ல நின்னு பார்க்கணும்."

"தாண்டாம உள்ள போயிட்டீங்கன்னா?"

அதுக்குள்ள ஜாகா அவரு தோள்ல கையை வச்சாச்சு. போகப் போகத் திரும்பி, "கரி டின்னு. சத்தியம் பண்ணியிருக்க, மறந்துடாதே"ன்னாரு. சிரிச்ச மாதிரி இருந்துச்சு. சின்னப் பிள்ளைக்குத் திருவிழாவுல கையில ஒரு காசு கொடுத்தா சிரிக்குமே, அப்படி.

நல்லா கேட்டுச்சு. பின்னால எத்தனையோ தடவை எனக்கு நானே, சரியா காதுல விழலையோன்னு சொல்லிப் பார்த்திருக்கேன். காது மேல பழி போட மாட்டேன். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு.

ரயில்ல வர்றப்ப அவரைத் திட்டிக்கிட்டே வந்தேன். தாண்டி வருவாராம். எத்தனை தடவை பாப்பா தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்காரு, எத்தனை தடவை மறுவாரமே தடுமாறிக்கிட்டு வந்திருக்காரு! கரி டின்னுல போட்டா கடை இருக்கும். இவரு வருவாரு. ஒரு நாள் தாண்டுவாரு, ரெண்டு நாள் தாண்டுவாரு. மூணாவது நாள் எனக்கு வலது காதும் போகும். இல்லைன்னா அடி பாப்பா மேல விழும். சுண்ணாம்பு டின்னுல போட்டா? கற்பூரம் சுட்ட இடம் உள்ளங்கையில இன்னும் காந்திச்சு. ஆத்தா கேட்டா என்ன சொல்றது?

ஓட்டுக்கு நாலு நாள் இருந்துச்சு. கங்காணி என்னைப் பார்க்கிறப்ப எல்லாம் லேசா தலையை ஆட்டுவாரு. எனக்கு அவரு என்ன சொல்லியிருப்பாருன்னு தெரியும்ங்கிற மாதிரி. கடைக்கார மச்சான் ஒரு நாள் என்னைப் பார்த்து, "என்னக்கா, ஊருக்குப் போயி வந்தீங்களாமே, சௌக்கியமா?"ன்னு நக்கலடிச்சான். பக்கத்து வீட்டக்கா எதுவும் கேட்கல. ஓட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம், அவங்க புருஷன் தள்ளிவிட்டதுல உதடு கிழிஞ்சு வந்து, என் வாசல்ல உட்கார்ந்தாங்க. "உன்னைத்தான் நம்பியிருக்கோம்டி"ன்னு மட்டும் சொன்னாங்க. அவ்வளவுதான். எந்திரிச்சுப் போயிட்டாங்க.

ஞாயித்துக்கிழமை காலையில ஆயாக் கொட்டகை முன்னால வரிசை. டிரஸ்ஸர் பேரை வாசிச்சு ஆளுக்கு ஒரு மாத்திரை கொடுத்தாரு. எங்க வாசல் வந்தப்ப என் புருஷன் பேரைச் சத்தமா வாசிச்சாரு. மாத்திரையை வாங்கி உள்ளங்கையில பொத்திக்கிட்டேன். எனக்கு முன்னால நாலு பேரு. வேர்வையில மாத்திரை மாவாக் கரைய ஆரம்பிச்சது தெரிஞ்சுது. இன்னும் கொஞ்ச நேரம் நின்னா இல்லாமலே போயிடுமோன்னு ஒரு பயம். போயிட்டா நல்லதுன்னும் ஒரு நினைப்பு.

சாக்கை ஒதுக்கிட்டு உள்ள போனேன். ரெண்டு டின்னும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. நேரா கரி டின்னுக்குத்தான் போனேன். இதை யாரு நம்பினாலும் நம்பாட்டியும் சரி, என் கை கரி டின்னுக்குத்தான் போச்சு. மாத்திரையை ஓட்டை மேல வச்சுட்டேன். விரலை விட்டா விழுந்துடும். அப்ப வெளிய பாப்பா சிரிக்கிற சத்தம். யாரோ பிள்ளைங்களோட ஓடிப் பிடிச்சு விளையாடுறா. ஆறு வயசு. அப்பா வர்ற சத்தம் கேட்டா அடுப்புக்குப் பின்னால போயி உட்கார்ந்துக்கிறதுக்கு அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல, அவளாவே கத்துக்கிட்டா.

மாத்திரையை எடுத்துச் சுண்ணாம்பு டின்னுல போட்டேன். பஞ்சுல விழுந்ததால ஒரு சத்தமும் இல்ல.

எல்லாரும் போட்டு முடிச்சதும் டிரஸ்ஸர் மேசை மேல வெள்ளைத் துணியை விரிச்சு, டின்னைக் கவுத்து, கரண்டிக் காம்பால ஒவ்வொண்ணா தள்ளித் தள்ளி எண்ணினாரு. கரி டின்னு முப்பத்தஞ்சு. சுண்ணாம்பு டின்னு முப்பத்தஞ்சு வரைக்கும் வந்து நின்னுச்சு. அப்புறம் பஞ்சை உதறினாரு. ஓரம் கரைஞ்ச மாத்திரை ஒண்ணு உருண்டு வந்துச்சு.

பொம்பளைங்க குலவை போட்டாங்க. பக்கத்து வீட்டக்கா என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. கங்காணி என்னையே பார்த்தாரு. இப்ப கத்தப் போறாரு, கற்பூரத்தைக் கொண்டாந்து மறுபடி கேட்கப் போறாருன்னு நினைச்சேன். மச்சான்தான் கத்தினான், "இவ மாத்திப் போட்டுட்டா!"ன்னு. கங்காணி அவன் தோளைப் பிடிச்சு நிறுத்தினாரு.

"வாயை மூடுடா. ஆத்தா முன்னால கற்பூரம் அணைச்சவ. அவன்தான் திருந்திட்டான் போலிருக்கு." அப்புறம் என்கிட்ட வந்து மெதுவா, "நான் அவனை அப்படி நினைக்கல தாயி"ன்னாரு. அந்தக் கோணல் கையைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்ல.

அன்னிக்கு மத்தியானம் பாப்பாவுக்குச் சோறு பிசைஞ்சு ஊட்டினேன். ரெண்டு வாய் தின்னுட்டு, "கசக்குதும்மா"ன்னு துப்பிட்டா. கையைச் சாம்பல் போட்டுத் தேய்ச்சுக் கழுவிட்டு வந்து ஊட்டினேன். அப்பவும் கசக்குதுன்னுதான் சொன்னா. மறுநாள் காலையில பெரட்டுல டிரஸ்ஸர் அதே மாத்திரையெல்லாம் டப்பாவுல போட்டுக் கொண்டாந்து, வழக்கம் போல ஆளுக்கு ஒண்ணு கொடுத்தாரு. எல்லாரும் முழுங்கிட்டு நாக்கை நீட்டினோம். அவரு ஓட்டை யாரு முழுங்கினாங்களோ, தெரியல.

ஆத்தா தண்டிப்பான்னு ஒரு மண்டலம் பயந்தேன். பாப்பா தும்மினாலே எனக்கு உசுரு போயிடும். ஒண்ணும் ஆகல. அது இன்னும் பயமா இருந்துச்சு.

அவரு வெளிய வர்ற நாள் வந்துச்சு. கங்காணி கூப்பிட்டுச் சொன்னாரு: "அவன் நல்லாயிருக்கட்டும். ஆனா என் கையைப் பார்க்கிறப்ப எல்லாம் அவன் ஞாபகம்தான் வருது. இங்க வேணாம்." குத்தமா எடுத்துக்கல. உண்மையைச் சொன்னா நிம்மதியாத்தான் இருந்துச்சு. பழைய ஆளுங்களை அவரு பார்க்க வேண்டாமே. கெலாங் பாத்தா பக்கத்துல ஒரு தோட்டத்துல ஆள் எடுக்கிறாங்கன்னு கேள்விப்பட்டு, சட்டி பானையைக் கட்டிக்கிட்டு, பாப்பாவோட ஜெயில் வாசல்லயே போயி நின்னேன்.

பாப்பாவைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டு கொஞ்ச தூரம் நடந்தாரு. அப்புறம், "என்னாச்சு?"ன்னாரு.

"மூடிட்டாங்க. ஒரு மாத்திரை வித்தியாசம்."

"என்னோடது?"

மூட்டை சரியற மாதிரி குனிஞ்சு முடிச்சை இறுக்கிக்கிட்டே சொன்னேன், "நீங்க சொன்ன டின்னுலதான்."

நின்னுட்டாரு. தெரிஞ்சு போச்சோன்னு நினைச்சேன். சிரிச்சாரு. "சரி விடு. தோத்தாச்சு. எண்ணித்தானே தோத்தோம்."

புதுத் தோட்டத்துலயும் கள்ளுக்கடை இருந்துச்சு, லயத்துக்கு எதிர்லயே. முதல் சம்பள நாள் சாயங்காலம் நான் பாப்பாவைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு, அடுப்பைக் கூட மூட்டாம வாசல்ல நின்னேன். தூரத்துல அவரு வந்தாரு. கடை முன்னால வந்ததும் நின்னாரு. உள்ள இருந்து யாரோ கூப்பிட்டாங்க. அவரு அங்கயே கொஞ்ச நேரம் நின்னு, கடையைப் பார்த்தாரு, வாசல்ல நிக்கிற என்னைப் பார்த்தாரு. அப்புறம் நடந்து வந்தாரு. காலைக் கழுவிட்டு, "தண்ணி கொடு"ன்னாரு. அடுத்த சம்பளத்துக்கும் தாண்டினாரு. அதுக்கடுத்ததுக்கும். வருஷமும் ஆச்சு.

ஜெயில்ல கண்ணு கலங்கிச் சொன்னாரே, அப்படியே செஞ்சாரு. நான் ஒருத்திதான் நம்பல.

இதோட விட்டிருந்தாலும் விட்டிருப்பேன். ஆனா அவருக்கு ஒரு பழக்கம் வந்துருச்சு. புதுசா யாரு வந்து உட்கார்ந்தாலும் அந்தக் கதையைச் சொல்லுவாரு. துரை, டின்னு, கொயினா மாத்திரை எல்லாம் வரும். சொல்றப்ப முதுகு நிமிர்ந்துடும். நான் காரியம் இருக்கிற மாதிரி உள்ள போயிடுவேன்.

ஒரு நாள் திருட்டுக் கேஸுல உள்ள இருந்துட்டு வந்த ஒருத்தன் வேலை தேடி வந்தான். யாரும் சரியா முகம் கொடுத்துப் பேசல. இவரு கூப்பிட்டு உட்கார வச்சு, காப்பி போடச் சொன்னாரு. "எதுக்குத் தலையைக் குனியற?"ன்னாரு. "நான் ஜெயில்ல கிடந்தப்ப ஒரு தோட்டமே என்னைக் கேட்டு அனுப்புச்சு. நான் கையை உடைச்ச மனுஷனே கேட்டு அனுப்பினாரு. என் ஓட்டையும் சேர்த்து எண்ணினாங்க. நானும் ஒரு ஆளுதான்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. இல்லைன்னா இந்தக் கடையை என்னால தாண்டியிருக்க முடியுமா?"

அவன் போனதும் நான் வந்து எதிர்ல உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிச்சேன்னு ஞாபகம் இல்ல. "என்னங்க, நான் சுண்ணாம்பு டின்னுல போட்டேன்"னு சொல்லிட்டேன். சொன்னதும் அழுகை வந்துருச்சு. பயந்துட்டேங்க, பாப்பாவுக்காகப் பண்ணினேங்கன்னு என்னென்னமோ உளறினேன்.

அடிப்பாருன்னு நினைச்சேன். அடிச்சிருந்தா தேவலை. குவளையைக் கீழ வச்சுட்டு என்னைப் பார்த்தாரு.

"அப்ப என்னை எண்ணவே இல்லையா?"ன்னாரு.

சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய போனாரு. நான் வாசல்லயே நின்னேன். நேரா கடை வரைக்கும் போனாரு. முன்னால நின்னாரு. திரும்பி வந்து படுத்துட்டாரு. அன்னிக்கும் குடிக்கல, சாகிற வரைக்கும் குடிக்கல. என்னை ஒரு வார்த்தை திட்டினதும் இல்ல. ஆனா அந்தக் கதையை அதுக்கப்புறம் அவரு யாருகிட்டயும் சொல்லல.